நெளி தகரத்தில் கட்டிய தேவாலயங்கள்: எதனால் வந்தன, எங்கே போயின?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நெளி தகரத்தால் தேவாலயங்களையும் ஊர்க் கூடங்களையும் ஏராளமாகக் கட்டினார்களாமே, ஏன் அப்படிக் கட்டினார்கள், அவ்வளவும் எங்கே போயின, காணாமல் போன ஒன்றைப் பற்றி இன்று ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கழற்றுவதற்காகவே வாங்கிய கட்டடங்கள் அவை. கல்லிலோ செங்கலிலோ நிரந்தர சர்ச் எழும்பும்வரை சபை கூட ஓர் இடம் வேண்டும், அதற்குத் தகரம். நிரந்தர சர்ச் வந்ததும் தகரத்தை விற்றார்கள், வேறு ஊருக்கு மாற்றினார்கள், ஞாயிறு பள்ளியாகவோ கூடமாகவோ வைத்துக்கொண்டு துருப்பிடிக்கும்வரை ஓட்டினார்கள். அதைக் கட்டடம் என்றே பலர் மதிக்காததால் எழுதி வைத்தவர்களும் குறைவு. இந்த இரண்டாவது காரணம்தான் எனக்கு வருத்தம் தருவது. தகரம் போனது இயற்கை. நினைவும் கூடவே போயிருக்க வேண்டியதில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். லண்டன் துறைமுகக் கம்பெனியில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் இரும்புத் தகட்டை நெளிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய தகட்டைத் தட்டையாகக் கூரையில் போட்டால் நடுவில் தொய்ந்துவிடும். அதே தகட்டை நெளித்துவிட்டால் எடை கூடாமலே பல மடங்கு விறைப்பு வந்துவிடும். கீழே அடர்த்தியாக மரம் கொடுக்கத் தேவையில்லை. பாமர் அதை வில்லாக வளைத்துத் துறைமுகக் கிடங்குகளுக்குக் கூரையாகப் போட்டார். காப்புரிமையை ரிச்சர்ட் வாக்கர் என்பவர் வாங்கி வியாபாரமாக வளர்த்தார்.

ஆனால் வெறும் இரும்பு ஈரத்தைத் தாங்காது. 1837இல் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்தனிஸ்லாஸ் சொரெல், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். நெளிவும் பூச்சும் சேர்ந்த பிறகுதான் இந்தப் பொருள் உலகம் சுற்றத் தொடங்கியது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களின் கூரையாக வந்து சேர்ந்ததும் இதே நெளி தகரம்தான். அந்த லயன்களில் வாழ்ந்தவர்களுக்கு அடைமழையில் தகரக் கூரை போடும் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அதே சத்தத்துக்கு நடுவேதான் இங்கிலாந்தின் குருவானவர்கள் பிரசங்கம் செய்தார்கள்.

கழற்றி மாட்டும் இரும்புக் கட்டடங்களுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது தங்கம். 1849இல் கலிஃபோர்னியாவிலும் 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தங்க வேட்டை தொடங்கியபோது ஆட்கள் குவிந்தார்கள், குடியிருக்க வீடில்லை. லிவர்பூல், மான்செஸ்டர், பிரிஸ்டல் பட்டறைகள் வீடுகளைத் துண்டு துண்டாகச் செய்து கப்பலேற்றின. பிரிஸ்டலைச் சேர்ந்த சாமுவேல் ஹெமிங், ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட தன் மகனுக்காக ஒரு வீடு செய்ததில் தொடங்கி, பிறகு கடைகள், தேவாலயங்கள் என்று அனுப்ப ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கழற்றி மாட்டும் இரும்பு வீடுகளை மெல்போர்னின் தென்பகுதியில் இன்றும் பார்க்கலாம்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்ட் டெய்லர் பெல்ஹவுஸின் இரும்பு வீடுகளைப் பார்த்த இளவரசர் ஆல்பர்ட், விக்டோரியா ராணியின் கணவர், ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்கு ஒரு நடனக் கூடம் வேண்டும் என்று அவரிடம் சொல்லி வாங்கினார். அதே ஆண்டிலேயே அதைக் கட்டி முடித்துவிட்டார்கள். பின்னாளில் தச்சுப் பட்டறையாகி இன்றும் இருக்கிறது. அரச குடும்பம் வாங்கிய பிறகு, தகரக் கூடத்தில் கூடுவதற்கு எளியவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, தேவாலயத்துக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1801இல் சுமார் 90 லட்சம் பேர். 1851இல் அது ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம். கூடிய மக்களில் பெரும்பகுதியினர் ஆலை நகரங்களுக்கும் சுரங்க ஊர்களுக்கும் போனார்கள். தேவாலயங்களோ இடைக்காலத்தில் ஆள் நிறைந்திருந்த கிராமங்களில் நின்றன. 1818இல் நாடாளுமன்றம் புதிய தேவாலயங்களுக்காக 10 லட்சம் பவுண்டு ஒதுக்கியும் போதவில்லை. 1851 மார்ச் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க வழிபாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. வரக்கூடிய நிலையில் இருந்தும் வராதவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தபோது திருச்சபைக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்தவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள்: மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், காங்கிரிகேஷனலிஸ்டுகள்.

அதன் பிறகு எல்லாத் தரப்புக்கும் அவசரம். புதுக் குடியிருப்பு எழுந்த இடத்தில் முதலில் யார் கூடாரம் போடுகிறார்களோ அந்தச் சபைக்குத்தான் ஆள் சேரும் என்ற போட்டி இருந்தது. கல் சர்ச் என்றால் ஆயிரக்கணக்கான பவுண்டும் பல வருடமும் ஆகும். தகர சர்ச்சை சில நூறு பவுண்டில், சில வாரங்களில் நிறுத்திவிடலாம். அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பின் குடியேறிய கத்தோலிக்கருக்கும் இதே தேவை. அவர்களிடம் பணம் இன்னும் குறைவு.

இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். நிலம். வசதியில்லாத சபைக்கு நிலம் குத்தகைக்குத்தான் கிடைக்கும், பல இடங்களில் அதுவும் கிடைக்காது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து சுதந்திரத் திருச்சபை பிரிந்தபோது, பெரிய நிலவுடைமையாளர்கள் சிலர் அவர்களுக்கு ஒரு சாண் இடம்கூடத் தர மறுத்தார்கள். மேற்குக் கரையில் ஸ்ட்ரோன்ஷியன் என்ற ஊரில் மக்கள் பணம் திரட்டி 1846இல் இரும்பில் ஒரு மிதக்கும் தேவாலயத்தையே செய்து கடற்கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். நூறு பேர் ஏறினால் ஓர் அங்குலம் அமிழும் என்று சொல்வார்கள். அது கப்பல் பட்டறை வேலை, நெளி தகரம் கிடையாது. ஆனால் தன் நிலம் இல்லாத சபைக்கு, தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டு போகக்கூடிய தேவாலயம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த ஊரைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. குத்தகை முடிந்தால் தகர சர்ச்சைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம். கல் சர்ச் நிலக்காரருக்குப் போய்விடும்.

வாங்கும் முறை இன்றைய தபால் வியாபாரத்தின் முன்னோடி. லிவர்பூலில் ஐசக் டிக்சன், பிரான்சிஸ் மார்ட்டன், லண்டனில் ஹம்ஃப்ரீஸ், பழைய கென்ட் சாலையில் வில்லியம் கூப்பர், நார்விச்சில் போல்ட்டன் அண்ட் பால், கிளாஸ்கோவில் ஸ்பயர்ஸ். இப்படிப் பல நிறுவனங்கள் படம் போட்ட விலைப்பட்டியல் அச்சிட்டு அனுப்பின. அதே நிறுவனம் தேவாலயம், பள்ளிக்கூடம், தொற்றுநோய் மருத்துவமனை, கிரிக்கெட் பெவிலியன், மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் விற்றது. எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று சொன்னால் அளவு தீர்மானமாகும். மணிக்கூண்டு வேண்டுமா, முன்வாசலில் முகப்பு வேண்டுமா, சன்னல் கூர் வளைவாகவா சாதாரணமாகவா என்பதற்கெல்லாம் தனி விலை.

பாகங்களுக்கு எண் போட்டு ரயிலில் அருகிலுள்ள நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து குதிரை வண்டி. அஸ்திவாரம் வாங்குபவர் பொறுப்பு: செங்கல் வரிசை ஒன்று, அதன்மேல் மரச்சட்டம். சட்டத்துக்கு வெளிப்புறம் நெளி தகரம். ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். நெளிவின் மேட்டில்தான் திருகாணி அடிப்பார்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்புறம் பலகையோடு பலகை கோத்து வார்னிஷ் அடித்த மரச்சுவர். இரண்டுக்கும் நடுவே ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளித் துணி. வெளியே தகரம் என்றாலும் உள்ளே நுழைந்தால் மரக் கோயில்தான். முகட்டில் காற்றுப்போக்கிகள், மூலையில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு. வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை, செம்மண் நிறம், வெளிர் நிறங்கள் அதிகம். வண்ணம் அடிப்பதை நிறுத்திய சபை சில வருடங்களில் கட்டடத்தை இழந்தது.

கோடையில் உள்ளே வெந்துபோகும், குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சூடு. ஆலை நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். நிலக்கரிப் புகையின் கந்தக அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிடும். பிழைத்து நிற்பவற்றில் பல கிராமத்துக் கட்டடங்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நிலத்தின் விலை மற்றொரு காரணம்.

அந்தக் காலத்துக் கலை ரசிகர்கள் இவற்றை வெறுத்தார்கள். கோதிக் பாணிதான் கிறிஸ்தவக் கட்டடக்கலை, பொருள் உண்மையாக இருக்க வேண்டும், கல் கல்லாகவே தெரிய வேண்டும் என்ற கொள்கை உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆனாலும் அந்தக் கொள்கையின் காவலர்களாக இருந்த எக்லீசியாலஜிக்கல் சங்கமே, காலனிகளின் தேவையைக் கண்டு, கட்டடக்கலைஞர் வில்லியம் ஸ்லேட்டர் வரைந்த ஓர் இரும்புத் தேவாலய வரைபடத்தை 1856இல் வெளியிட்டது. அழகான வரைபடம். விலைப்பட்டியல்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் கூர் வளைவுச் சன்னலையும் சின்னக் கோபுரத்தையும் ஒட்டிவிட்டுத் தங்கள் போக்கில் போனார்கள். 1890இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக, எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், நெளி தகரம் நாடு முழுக்கக் கொள்ளைநோயாகப் பரவுகிறது என்று கோபப்பட்டார். மாரிஸ் பழைய கூரைகள் மேல் வைத்திருந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஓலைக் கூரை வேயவும் கல் செதுக்கவும் காசில்லாத சுரங்கத் தொழிலாளிக் குடும்பங்கள் வாரம் ஒரு பென்னி சேர்த்து என்ன செய்திருக்க முடியும்? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்த ஏளனம் அருங்காட்சியகத்தையும் விடவில்லை. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் தெற்கு கென்சிங்டனில் முதலில் தொடங்கியது நெளி தகரம் போர்த்திய இரும்புக் கட்டடம் ஒன்றில். ‘பிராம்ப்டன் பாய்லர்கள்’ என்று ஊரே கேலி பேசியது. பிறகு அதன் இரும்புச் சட்டத்தில் ஒரு பகுதியைக் கழற்றிக் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனுக்குக் கொண்டுபோய், சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி, 1872இல் புது அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அந்த இரும்பு இன்றும் உள்ளே நிற்கிறது. தேவாலயங்களுக்கு வைத்த பட்டப்பெயரும் இதே தொனிதான்: டின் டேபர்னகிள், அதாவது தகர வழிபாட்டுக் கூடாரம். இன்று அந்தப் பெயரை மக்கள் பாசத்தோடு சொல்கிறார்கள்.

ஊர்க் கூடங்களின் கதை இதோடு பின்னிப்பிணைந்தது. வாசக அறை, மதுவிலக்குச் சங்கக் கூடம், தொழிலாளர் மன்றம், தன்னார்வப் படையின் பயிற்சிக் கூடம் எல்லாமே அதே விலைப்பட்டியலிலிருந்துதான் வந்தன. பல ஊர்களில் ஒரே தகரக் கூடம் ஞாயிறு காலை ஆராதனை, வார நாளில் பள்ளி, சனி இரவு நாட்டியம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில், புராட்டஸ்டன்ட்களின் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் கூடங்கள் பல நெளி தகரம்தான்.

முழு ஊரே தகரமாக இருந்த இடமும் உண்டு. டெர்பிஷயரில் ஹவ்டன், டெர்வென்ட் அணைகளைக் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1901 முதல் பிர்ச்சின்லீ என்ற குடியிருப்பு எழுந்தது. டின் டவுன் என்றே எல்லாரும் அழைத்தார்கள். பள்ளி, மருத்துவமனை, மிஷன் அறை, கேளிக்கைக் கூடம், குளியல் கூடம், கடைகள், மதுக்கூடம் எல்லாம் இருந்தன. உச்சத்தில் 900 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து மற்ற அணைக்கட்டுத் தொழிலாளர்களின் முகாம்களோடு ஒப்பிட்டால் அது கௌரவமான வாழ்க்கை. குழந்தைகள் பிறந்தார்கள், கல்யாணம் ஆனவர்கள் உண்டு, கால்பந்து அணி இருந்தது. அணை முடிந்ததும் ஊரைப் பிரித்துவிட்டார்கள். இன்று மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே அடித்தளங்களின் தடம் மட்டும். ஒரே ஒரு வீடு மட்டும் பக்கத்து ஹோப் கிராமத்துக்கு இடம்பெயர்ந்து கடையாகப் பிழைத்தது.

முதல் உலகப் போர் இரண்டு வகையில் இந்தக் கதையை மாற்றியது. இரும்பு முழுக்கப் போருக்குப் போனதால் தகர சர்ச் வியாபாரம் படுத்தது. இன்னொரு பக்கம், ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் பீட்டர் நார்மன் நிஸ்ஸன் 1916இல் அரைவட்ட நெளி தகரக் குடிலை வடிவமைத்தார். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். அந்தப் போரிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் படை வேண்டாம் என்று விற்ற குடில்களை ஊர்கள் வாங்கின. போரில் இறந்த பிள்ளைகளின் நினைவாக ஒரு கூடம் வேண்டும், பணமோ கொஞ்சம், கைக்கு எட்டியது படைக்குடில். பெண்கள் சங்கங்கள் கூடியதும் ஊர்ப் பஞ்சாயத்துகள் பேசியதும் இவற்றில்தான்.

நிஸ்ஸன் குடிலில் பிறந்த மிக அழகான தேவாலயம் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில், லேம்ப் ஹோம் என்ற சின்னத் தீவில் இருக்கிறது. 1939 அக்டோபரில் அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃப்ளோவுக்குள் ஜெர்மன் நீர்மூழ்கி புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. கடல்வழிகளை அடைக்கத் தடுப்பணைகள் கட்ட வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஒரு சிற்றாலயம் கேட்டார்கள். இரண்டு நிஸ்ஸன் குடில்கள் கிடைத்தன. 1943இல் அவற்றை முனையோடு முனை சேர்த்து, உள்ளே நெளிவை மறைத்துப் பலகை அடித்து, அதன்மேல் டொமினிக்கோ கியோக்கெட்டி என்ற கைதி செங்கல்லும் செதுக்கிய கல்லும் இருப்பதாகவே தோன்றும்படி வண்ணம் தீட்டினார். பீடம் கான்கிரீட், விளக்குகள் மாட்டிறைச்சி டப்பாக்களை வெட்டிச் செய்தவை. ஜுசெப்பே பலும்பி இரும்பில் பீடத்தடுப்பு செய்தார். மற்றவர்கள் முகாமை விட்டுப் போன பிறகும் ஞானஸ்நானத் தொட்டியை முடிப்பதற்காகக் கியோக்கெட்டி தங்கினார். 1960இல் மறுபடி வந்து ஓவியங்களைச் சீர்செய்து கொடுத்தார். முகாமில் இருந்த மற்ற குடில்கள் எல்லாம் போய்விட்டன. இது மட்டும் நிற்பதற்குக் காரணம் ஊர் மக்கள் அதைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டதுதான்.

மற்றவை எப்படிப் போயின என்று கேட்டீர்கள். முதல் வழி, விற்பனை. புது சர்ச் திறந்ததும், இத்தனை பேர் உட்காரக்கூடிய இரும்புத் தேவாலயம் விற்பனைக்கு, வாங்குபவரே பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வகையில் பத்திரிகைகளில் விளம்பரம் வரும். வில்ட்ஷயரில் புரோக்கர்ஸ்வுட் கிராமத்தின் ஆல் செயின்ட்ஸ் அப்படி சவுத்விக்கில் நின்று 1905இல் இடம் மாறி வந்ததுதான். ஒரே கட்டடம் மூன்று ஊர்களில் மூன்று பெயர்களில் வாழ்ந்திருக்கலாம். அதனால் ஓர் ஊரில் காணாமல் போனது என்பதை அழிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விற்காதவை அதே வளாகத்தில் பின்பக்கம் தள்ளப்பட்டு ஞாயிறு பள்ளி, சாரணர் கூடம், பிறகு மோட்டார் பட்டறை, கிடங்கு என்று படிப்படியாக இறங்கின. உள்ளே மரப்பலகையும் அடுப்பும் சேர்ந்ததால் தீ பலவற்றைத் தின்றது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு நகரங்களில் சிலவற்றை முடித்தது. 1945க்குப் பிறகு சபைகளில் ஆள் குறைந்தது, வண்ணம் அடிக்க ஆளில்லை, நகரத்தில் நிலம் தங்க விலை. இடிப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். எதிர்க்க யாரும் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சபையாருக்கே அது தற்காலிகம் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஆனாலும் பிழைத்தவை உண்டு. லண்டன் ஹாக்னியில் ஷ்ரப்லாண்ட் சாலைத் தேவாலயம் 1858இல் எழுந்தது. நின்றுகொண்டிருக்கும் தகரத் தேவாலயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கில்பர்னில் கேம்பிரிட்ஜ் அவென்யூவில் 1860களின் தொடக்கத்தில் கட்டிய ஒன்றை, இரண்டாம் போருக்குப் பிறகு கடற்படைச் சிறுவர் அமைப்பு எடுத்துக்கொண்டு, உள்ளே மேல்தளம், மாலுமி மேடை எல்லாம் வைத்துக் கப்பலாகவே மாற்றிவிட்டது. ஹார்ட்ஃபர்ட்ஷயர் பெட்மண்டில் 1880இலும், ஸ்காட்லாந்தின் டால்ஸ்வின்ட்டனில் 1881இலும், சர்ரே டீப்கட்டில் படைவீரர்களுக்காக 1901இலும் கட்டியவை இருக்கின்றன.

வேறு சில திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு இடம்பெயர்ந்தன. ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் ஹென்டனின் 1886 மிஷன் அறை சில்ட்டர்ன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், ஹெரிஃபர்ட்ஷயர் பிரிங்ஸ்டி காமனின் 1891 மிஷன் சர்ச் ஏவன்கிராஃப்டில், சவுத் வான்ஸ்டனின் 1909 சர்ச் சசெக்ஸின் வீல்ட் அண்ட் டவுன்லாண்டில். இவற்றைப் பிரித்து எடுத்துப் போய் மறுபடி நிறுத்த முடிந்தது, முதலிலேயே அப்படிச் செய்யத்தக்க விதத்தில் செய்திருந்ததால்தான். உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தால் அருங்காட்சியகத்தில் இருப்பதைவிட இன்னும் ஆராதனை நடக்கும் ஒன்றுக்குப் போங்கள் என்பேன்.

கடைசியாக, காணாமல் போன ஒன்றைத் தேடுவது பற்றி. பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடங்களில் (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) தொடங்குங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே இடத்தின் அடுத்தடுத்த பதிப்புகளை வைத்துப் பார்த்தால், ஒன்றில் மிஷன் அறை என்று இருந்தது அடுத்ததில் கூடமாகி, அதற்கடுத்ததில் மறைந்திருப்பது தெரியும். கட்டிய காலத்தையும் போன காலத்தையும் ஓரளவு இப்படிப் பிடித்துவிடலாம்.

அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகைகள். திறப்பு விழா, நிதி திரட்டும் சந்தை, விற்பனை விளம்பரம் மூன்றும் அச்சாகியிருக்கும். திறப்பு விழாச் செய்தியில் கட்டிய நிறுவனத்தின் பெயரும் செலவும் உட்காரும் இடத்தின் எண்ணிக்கையும் பெரும்பாலும் வரும். சபைக் கணக்குப் புத்தகம் கிடைத்தால் அதைவிட நல்லது, வண்ணச் செலவுகூட இருக்கும். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஆங்கிலிக்கன் தகர சர்ச்சுகள் பெரும்பாலும் பிரதிஷ்டை செய்யப்படாமல் பிஷப்பின் அனுமதிச் சீட்டோடு மட்டும் இயங்கின. திருமணங்கள் பெரும்பாலும் சேகரத்தின் தாய்ச் சர்ச்சில்தான் நடந்தன. அதனால் உங்கள் ஊர்த் தகர சர்ச்சின் பெயரில் திருமணப் பதிவேடு இல்லை என்பதை வைத்து அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அனுமதிச் சீட்டு மறைமாவட்ட ஆவணங்களில் தனியாக இருக்கும்.

கட்டடம் பாதியாவது நின்றுகொண்டிருந்தால், வாசல் நிலையிலும் மணிக்கூண்டின் அடியிலும் நிறுவனத்தின் பெயர்த்தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பலகைச் சுவரின் பின்பக்கம் பென்சிலில் எழுதிய எண்கள் இருக்கலாம், ரயிலேறி வந்தபோது போட்டவை. இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் உள்ளும் புறமும் படமெடுத்து உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு பழங்கட்டடப் பாதுகாப்புக்கான அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு எழுதிப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தனி அமைப்புகள் உண்டு.